இதயத்தின் வரிவடிவம் கண்ட வில்லெம் ஐந்தோவன்

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையைக் கடந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர், இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், அதற்குத் தெற்கே ஒரகடம் என நெடுக நிற்கும் தொழிற்சாலைகளைக் காண்பர். ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த நிலப்பரப்பு இது. 1998 ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் வாகன உற்பத்தி தொடங்கிய பின்னர் இப்பகுதியின் முகமே மாறிவிட்டது. இரவு பகல் என்னாது முறைவைத்து உழைக்கும் பல்லாயிரம் தொழிலாளர் இன்று இவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர். ஐந்நூறு பேருக்கு மேல் பணிபுரியும் ஆலை ஒவ்வொன்றிலும் முதலுதவிக்கெனத் தனி மருத்துவ அறை வேண்டும் என்று 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதி வகுத்தது. அங்கு ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து அமர்ந்தால் மருத்துவர் முதலில் நாடுவது, ஒரு கைப்பெட்டி அளவே உள்ள சிறு கருவியை. கை, கால், மார்பு ஆகிய இடங்களில் மின்முனைகளைப் பொருத்தியதும் கட்டமிட்ட தாள் ஒன்று கருவியிலிருந்து வெளிவருகிறது. அதில் மேடும் பள்ளமுமாக ஓடும் கோட்டை நோக்கி, இவரை உடனே பெருமருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்கிறார்.

இ.சி.ஜி. என்று சிறு பிள்ளைகளும் அறிந்த இந்த இதய மின்வரைவை உலகிற்கு ஈந்தவர் வில்லெம் ஐந்தோவன். அவர் பெயரை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. தாளிலுள்ள ஒவ்வொரு சிறு கட்டத்தின் அளவும், கோட்டின் ஒவ்வொரு முகட்டுக்கும் மருத்துவர் வழங்கும் எழுத்தும் அவர் இட்டவை. ஆதலின் அப்பெருமகனாரின் வாழ்க்கையை ஈண்டு ஓரளவு விரித்துரைப்பது தகும்.

சாவகத்தில் பிறப்பு

மணிமேகலைக் காப்பியம் சாவகம் என்று குறிக்கும் நாடு, இன்றைய இந்தோனேசியாவின் ஜாவாத் தீவு. கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் ஆகிய ஊர்களின் மரைக்காயர் கப்பல்கள் பல தலைமுறைகளாகக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று வந்ததை இம்மலரைப் படிக்கும் பெரியோர் நன்கு அறிவர். அத்தீவின் வடகரையிலுள்ள செமாராங் துறைமுக நகரில் 1860 ஆம் ஆண்டு மே திங்கள் 21 ஆம் நாள் வில்லெம் பிறந்தார். ஜாவா அந்நாளில் ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தது. தந்தை ஜேக்கப் ஐந்தோவன் முதலில் படைமருத்துவராகவும் பின்னர் அந்நகரின் மருத்துவராகவும் பணியாற்றியவர். தாயார் லூயிசு டி வோகல், அந்நாட்டு நிதித்துறை உயர் அலுவலர் ஒருவரின் மகளார். பிள்ளைகள் அறுவருள் வில்லெம் மூன்றாமவர், ஆண்மக்களில் மூத்தவர்.

வில்லெம் சிறுவனாக இருந்தபோதே தந்தை மறைந்தார். அறுவரையும் தனியே வளர்க்கும் பொறுப்பு அன்னையின் தோள்மீது விழுந்தது. 1870 இல் அவர் தம் மக்களை அழைத்துக்கொண்டு ஒல்லாந்தின் உத்ரெக்ட் நகருக்குக் குடிபெயர்ந்தார். பத்து வயதில் பிறந்த மண்ணை விட்டு நீங்கிய அம்மைந்தர், தந்தையைப் போலவே மருத்துவராகித் தீவுகளுக்குத் திரும்ப எண்ணினார். கைம்பெண்ணின் வீட்டில் கல்விச் செலவுக்கு வேறு வழியும் இல்லை. படிப்பு முடிந்தபின் குடியேற்ற நாட்டுப் படையில் மருத்துவராகப் பணியாற்றுவதாக ஒப்பந்தம் செய்துகொண்டு, அரசின் உதவித்தொகையில் 1878 ஆம் ஆண்டு உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

மாணவராக இருந்த காலத்தில் அவர் நூல்களுக்குள் முடங்கிக் கிடந்தவர் அல்லர். உடற்பயிற்சியிலும் வாட்போர்ப் பயிற்சியிலும் படகு வலித்தலிலும் முன்னின்றார். மாணவர் படகுக் கழகம் ஒன்றை நிறுவியோரில் ஒருவர். ஒருமுறை பயிற்சிக் களத்தில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அறைக்குள் அடங்கியிருக்க நேர்ந்த நாள்களில், தம் கை எவ்வாறு திரும்புகிறது, முழங்கை மூட்டு எவ்வாறு இயங்குகிறது என்று ஆராயத் தொடங்கி அதனை ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதிவிட்டார். உடலை ஒரு பொறியாகக் கண்டு அதன் இயக்கத்தை அளவிடும் இப்பார்வை அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. 1885 இல் கண் மருத்துவ மேதை தாண்டர்சு அவர்களின் வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆண்டே லைடன் பல்கலைக்கழகம் உடலியங்கியல் பேராசிரியர் பதவியை அவருக்கு அளித்தது. அப்போது அவருக்கு வயது 25. படைப்பணி ஒப்பந்தத்திலிருந்து விடுபட, பெற்ற உதவித்தொகையைத் திருப்பிச் செலுத்தவேண்டியதாயிற்று. இளம் பேராசிரியரின் குடும்பத்திற்கு அது சிறு சுமையன்று. 1886 இல் பதவி ஏற்ற அவர் அவ்வாண்டே உறவினர் மகளாகிய பிரெடரிக் டி வோகல் என்னும் நங்கையை மணந்தார். பெண்மக்கள் மூவரும் ஆண்மகவு ஒன்றும் பிறந்தனர். இறக்கும் வரை நாற்பத்தோராண்டுகள் அவர் லைடன் நகரை விட்டு வேறு பணிக்குச் செல்லவில்லை.

வாலரும் அவர் வளர்த்த நாயும்

இதயம் துடிக்கும்போது மிக மெல்லிய மின்னோட்டம் ஒன்று எழுகின்றது என்பதை 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தவளையின் இதயத்தைக் கொண்டு அறிஞர் அறிந்திருந்தனர். நெஞ்சைப் பிளக்காமல், உயிருள்ள மனிதரின் தோலுக்கு வெளியிலிருந்தே அதனைப் பதிவுசெய்ய முடியுமா என்பதுதான் வினா. இலண்டன் செயிண்ட் மேரி மருத்துவமனையில் அகசுட்டசு வாலர் என்பார் 1887 இல் அதனைச் செய்து காட்டினார். அவர் கையாண்ட கருவி நுண்துளை மின்மானி. மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயில் பாதரசமும் கந்தக அமிலமும் சந்திக்கும் எல்லை, மின்னோட்டம் வரும்போது மேலும் கீழும் அசையும்; அவ்வசைவின் நிழலை ஒளிப்படமாகப் பதிப்பர்.

வாலர் தம் நாயான ஜிம்மியின் கால்களை உப்புநீர்க் கலங்களில் நிற்கவைத்துக் கூட்டங்களில் இச்சோதனையைக் காட்டுவது வழக்கம். நாய்க்குக் கொடுமை இழைக்கப்படுகிறதா என்று 1909 இல் ஆங்கில நாடாளுமன்றத்திலேயே வினா எழுந்தது! உப்புநீரில் கால் நனைத்து நின்றதைத் தவிர அந்த நாய் வேறு துன்பம் அடையவில்லை.

1889 இல் பேசல் நகரில் கூடிய முதலாவது பன்னாட்டு உடலியங்கியல் மாநாட்டில் வாலரின் சோதனையை ஐந்தோவன் நேரிற் கண்டார். இக்கருவி மருத்துவமனைகளில் பெரிதாகப் பயன்படும் என்று வாலரே நெடுங்காலம் நம்பவில்லை. காரணம் தெளிவு. பாதரசம் கனமான பொருள். இதயத்தின் மின்மாற்றமோ நொடியில் நூற்றில் சில பங்கிற்குள் நிகழ்ந்து முடிவது. பாதரசம் எழுந்து அசைவதற்குள் செய்தி கடந்துவிடும். பதிவாவது இதயத்தின் உண்மை வடிவமன்று. சோம்பேறி எழுத்தன் ஒருவன் பாதியை விட்டுவிட்டு எழுதிய படி.

ஐந்தோவன் அக்கருவியின் குறையைக் கணிதத்தால் வென்றார். பாதரசத்தின் தாமதம் எவ்வளவு என்று அளந்து, பதிந்த வளைவிலிருந்து உண்மையான வளைவு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு வரைந்தார். திருத்தாத வளைவின் முகடுகளுக்கு ஏ, பி, சி, டி என்று பெயரிட்டிருந்தமையால், திருத்திய வளைவுக்கு எழுத்து வரிசையின் நடுவிலிருந்து பி, கியூ, ஆர், எஸ், டி என்னும் ஐந்தெழுத்துகளை 1895 இல் எடுத்தாண்டார். (இரு வரிசைகளிலும் வரும் பி, டி என்பன ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்துகள், நம் எழுத்தில்தான் ஒன்றுபோல் தோன்றுகின்றன.) இதயத்தின் மேலறைகள் விழித்தெழுவதைப் பி அலை காட்டும். கீழறைகள் சுருங்குவதற்கான கட்டளை பரவுவதைக் கியூ, ஆர், எஸ் என்னும் மூன்றும் காட்டும். கீழறைகள் மீண்டும் ஓய்வு நிலைக்குத் திரும்புவதை டி அலை காட்டும். இன்றுவரை உலகில் எந்த மொழி பேசும் மருத்துவரும் இவ்வெழுத்துகளை மாற்றவில்லை.

கணக்கு முடிந்தது, மனநிறைவு வரவில்லை. ஒரு நோயாளிக்கு ஒரு வளைவு வரைய இத்தனை கணக்கு என்றால் எந்த மருத்துவர் செய்வார்? அவருடைய ஆய்வகமோ பழைய கட்டடம். கல் பாவிய தெருவில் குதிரைவண்டி ஓடினாலே பாதரசம் நடுங்கும். தரையை ஆழமாக அகழ்ந்து பெருங்கற்களை அடுக்கியும் நடுக்கம் முற்றும் ஒழியவில்லை. கருவியைத் திருத்திக்கொண்டே இருப்பதைவிடப் புதிய கருவி ஒன்றைப் படைப்பதே வழி என்று துணிந்தார்.

நூலிழை

காந்தத்தின் இரு முனைகளுக்கு இடையே ஒரு கடத்தியைத் தொங்கவிட்டு அதில் மின்னோட்டம் செலுத்தினால் அது பக்கவாட்டில் விலகும். இது பள்ளி மாணவரும் அறிந்த உண்மை. இதயத்தின் மின்னோட்டமோ தோலை வந்தடையும்போது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. அதற்கு அசைந்து கொடுக்க வேண்டுமாயின் கடத்தி ஏறத்தாழ எடையே இல்லாததாக இருத்தல் வேண்டும். படிகக்கல்லை உருக்கி, உருகிய துளியை ஓர் அம்பின் வாலில் ஒட்டவைத்து, அம்பை எய்வர். அது பாய்ந்து செல்லும் வேகத்தில் துளி நீண்டு கண்ணுக்குத் தெரியாத இழையாகும். ஆங்கில அறிவியலார் பாய்சு முன்னரே கண்ட இம்முறையை ஐந்தோவன் கைக்கொண்டார். இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவே. அதன்மேல் மின்சாரம் பாயும்படி வெள்ளிப் பூச்சு இடவேண்டும். இழை அறுந்தால் மீண்டும் அம்பு, மீண்டும் பூச்சு.

அவ்விழையைப் பெரும் மின்காந்தத்தின் முனைகளுக்கிடையே பூட்டினார். காந்தம் சூடேறாதிருக்கத் தண்ணீர் ஓடவிட்டார். காந்தத்தின் முனைகளில் துளையிட்டு, நுண்பெருக்கியின் வழியே ஒளியைச் செலுத்தி, ஆடும் இழையின் நிழலை நகரும் ஒளிப்படத் தகட்டின்மீது விழச்செய்தார். இந்த நூலிழை மின்மானியைப் பற்றி 1901 இல் முதற்கட்டுரையும் 1903 இல் விரிவான கட்டுரையும் வெளிவந்தன. கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். இரண்டு அறைகளை அது அடைத்துக்கொண்டது. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரு கைகளையும் இடக்காலையும் உப்புநீர்க் கலங்களில் வைத்துக்கொண்டு அசையாமல் அமர்ந்திருப்பார். பிரெஞ்சுப் பொறியாளர் கிளமென்ட் ஆதெர் 1897 இல் கடலடித் தந்திக்கென இதையொத்த ஒன்றை அமைத்ததுண்டு. ஐந்தோவனின் கருவி நுண்மையில் அதனைப் பன்மடங்கு விஞ்சியது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் செல்ல இயலாது. கருவியைக் கண்டதைவிட, அளவுகளை நிலைநாட்டியதே அவருடைய பெருஞ்செயல் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. தாள் ஒரு நொடியில் 25 மில்லிமீட்டர் நகர வேண்டும். ஒரு மில்லிவோல்ட் மின்னழுத்தம் 10 மில்லிமீட்டர் உயரமாகத் தெரிய வேண்டும். ஆகவே படுக்கை வாக்கில் ஒரு சிறு கட்டம் 0.04 நொடி, நிற்கும் வாக்கில் அது 0.1 மில்லிவோல்ட். இந்த அளவு லைடனில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்டது. இன்று காஞ்சிபுரம் மாவட்டத்து ஊரகச் சுகாதார நிலையத்தில் கிழித்துத் தரப்படும் தாளிலும் அதே கட்டம்தான். ஓரிடத்தில் எடுத்த வரைவை மற்றோரிடத்து மருத்துவர் ஐயமின்றிப் படிப்பதும், பத்தாண்டுக்கு முன் எடுத்த தாளை இன்றைய தாளோடு ஒப்பிடுவதும் இதனால் இயல்கின்றன. ஒரகடத்தில் வார்த்த உதிரிப்பாகம் வேற்றூர் எந்திரத்தில் பிசகின்றிப் பொருந்துவதற்கு அளவுகோல் பொதுவாய் இருத்தல் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது இது.

கம்பி வழி வந்த துடிப்பு

270 கிலோகிராம் எடையுள்ள கருவியை நோயாளியின் கட்டிலுக்குத் தூக்கிச் செல்வது எங்ஙனம்? நோயாளியைக் கருவிக்குக் கொணர்வதும் எளிதன்று. மருத்துவமனை ஆய்வகத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. பேராசிரியர் பொசா என்பார் கூறிய கருத்தை ஏற்று, இரண்டையும் தொலைபேசிக் கம்பியால் இணைத்தார் ஐந்தோவன். நோயாளி மருத்துவமனையில் உப்புநீரில் கைவைத்து அமர்ந்திருக்க, அவர் இதயத்தின் வரைவு ஆய்வகத்தில் பதிவாயிற்று. 1905 மார்ச் 22 ஆம் நாள் முதற்பதிவு எடுக்கப்பட்டது. அது உடல்நலம் மிக்க ஒருவருடையது. ஆர் அலை வழக்கத்தினும் உயர்ந்திருந்தது. ஆய்வகத்திலிருந்து மருத்துவமனைக்கு அவர் மிதிவண்டியில் விரைந்து சென்றதே காரணம் என்று கண்டறிந்தனர். 1906 இல் வெளியான கட்டுரையில், இதய அறைகள் தடித்துப்போதல், துடிப்பு முந்தி வருதல், மேலறைக்கும் கீழறைக்கும் இடையே செய்தி முற்றும் தடைபடல் எனப் பல நோய்களின் வரைவுகளை வரிசையாகக் காட்டினார். பின்னர் மருத்துவமனையின் ஒத்துழைப்புக் குன்றி அக்கம்பி பயனற்றுப் போயிற்று.

அக்கம்பியின் வழித்தோன்றல் நம் தமிழகத்திலேயே உண்டு. மாரடைப்பு நோயாளி முதலில் வந்து சேரும் சிற்றூர் மருத்துவமனையில் எடுத்த இ.சி.ஜி. வரைவை, இதயக் குழாய் அடைப்பை நீக்கும் வசதியுடைய பெருமருத்துவமனைக்குக் கம்பியில்லா முறையில் உடனுக்குடன் அனுப்பும் திட்டம் 2012 முதல் 2014 வரை தமிழகத்தில் ஆராயப்பட்டது. சிறிய மருத்துவமனைகள் பலவற்றைப் பெரிய மருத்துவமனை ஒன்றோடு கோத்து நான்கு தொகுதிகள் அமைத்தனர். 2,420 நோயாளிகளைக் கொண்ட அவ்வாய்வின் முடிவு 2017 இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. திட்டத்திற்கு முன் ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6, திட்டத்திற்குப் பின் 14.2. நூற்றுக்கு மூன்று உயிர் என்பது காகிதத்தில் சிறிய எண். அம்மூவரின் இல்லங்களுக்கு அவ்வாறன்று. 2023 இல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்கீழ், நெஞ்சுவலியோடு வருவோர்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் ஆகிய மாத்திரைகள் முதலில் தரப்படுகின்றன. அதற்கு முன் அவருக்கு வந்தது இதயவலிதானா என்று அறிய உதவுவது ஐந்தோவனின் வரைவே.

நம்மவரிடையே நெஞ்சில் வலி தோன்றினால் வாயு என்று சொல்லி, சோடாவோ பூண்டோ உட்கொண்டு படுத்துவிடும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. இரவுப் பணி முடித்து வரும் இளைஞர்க்கு இதயநோய் வருமா என்று வீட்டாரும் எண்ணுகின்றனர். அடைபட்ட குழாயால் பட்டினி கிடக்கும் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் மடிந்துகொண்டே இருக்கும். மடிந்த தசை மீள்வதில்லை. நெஞ்சின் நடுவே அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியன தோன்றின் அந்நாழிகையே இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும்.

வரைவு பேசிய பொருள்

முதலில் இக்கருவியைச் செய்து விற்றவர் மியூனிக் நகரத்து எடெல்மன். தொடக்கத்தில் ஐந்தோவனுக்கு உரிமத்தொகை கொடுத்துவந்த அவர், ஆதெரின் கருவியைக் காரணம் காட்டிப் பின்னர் நிறுத்திக்கொண்டார். அதன்பின் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் கருவி நிறுவனத்தை ஐந்தோவன் நாடினார். உயிரியல் அறிஞர் சார்லசு டார்வினின் மைந்தர் ஓரேசு டார்வின் நிறுவிய தொழிலகம் அது. அங்குக் கருவியின் உருவம் மெல்லமெல்லச் சிறுத்தது.

இலண்டனில் தாமசு லூயிசு என்னும் இளம் மருத்துவர் இக்கருவியைப் பற்றிக்கொண்டார். மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்குவதால் நாடி தாறுமாறாக ஓடும் நோயை 1909 இல் அவர் வரைவின் துணையால் தெளிவுபடுத்தினார். லைடனுக்கும் இலண்டனுக்கும் இடையே மடல்கள் பறந்தன. தம் கருவி மருத்துவத்தில் இடம்பெற்றதற்கு லூயிசின் உழைப்பே பெருங்காரணம் என்பதை ஐந்தோவன் மறைத்ததில்லை. 1912 இல் அவரே வேறொரு படி ஏறினார். இரு கைகளும் இடக்காலும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகள். அதன் நடுவே இதயம். மூன்று பக்கங்களிலும் அளக்கும் மின்னழுத்தங்களைக் கொண்டு இதயத்தின் மின்விசை எத்திசையில் பாய்கிறது என்று கணக்கிடலாம். ஐந்தோவன் முக்கோணம் என்று மருத்துவ மாணவர் முதலாண்டிலேயே பயில்வது இதுவே.

இன்று நாம் மாரடைப்பு என்றதும் இ.சி.ஜி. என்கிறோம். ஐந்தோவன் கருவி செய்தபோது அப்பொருத்தம் எவர்க்கும் தெரியாது. இதயக் குழாய் அடைபட்டும் மனிதர் உயிர்வாழக்கூடும், உயிரோடிருக்கும்போதே அந்நோயை அறியக்கூடும் என்று சிகாகோவின் ஜேம்சு எரிக் 1912 இல் எழுதினார். எஸ் அலைக்கும் டி அலைக்கும் இடைப்பட்ட கோடு மேலெழுந்து நிற்பது மாரடைப்பின் அறிகுறி என்று நியூயார்க்கின் பார்டீ 1920 இல் காட்டினார். அளவு முதலில் வந்தது. பொருள் பின்னர் வந்தது.

மேலை நாட்டார் மட்டுமே இதயத்தை அறிந்தனர் என்று கருதுவது தவறு. நாடி பார்த்தல் நம் சித்த மருத்துவரின் நெடிய மரபு. இப்னு சீனாவின் மருத்துவப் பேரேட்டில் நாடியின் வகைகள் விரிவாக இடம்பெற்றுள்ளன. குருதி இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரல் வழியே சென்று இடப்பக்கம் சேர்கிறது என்று 13 ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு நபீசு எழுதிவைத்தார். அவருடைய அச்சுவடியைப் பெர்லின் நூலகத்தில் கண்டு, அதனைப் பற்றிய ஆய்வேட்டை 1924 இல் அளித்தவர் எகிப்திய மருத்துவர் முகையத்தீன் தத்தாவி. ஐந்தோவன் நோபல் பரிசு பெற்ற ஆண்டும் அதுவே என்பது வியப்பான பொருத்தம்.

வரைவு காட்டாதவை

இ.சி.ஜி. எல்லாம் அறிந்த தெய்வீக ஏடு அன்று. அது இதயத்தின் மின்செய்தியை மட்டுமே சொல்லும். தசையின் வலிமையையும் வால்வின் பழுதையும் நேரே காட்டாது. மாரடைப்பின் தொடக்கத்தில் எடுத்த வரைவு சிலருக்கு இயல்பாகவே இருக்கும். அதனால்தான் வலி தொடர்ந்தால் மருத்துவர் சிறிது நேரம் கழித்து மீண்டும் எடுக்கின்றனர். தசை மடிவதால் குருதியில் கலக்கும் ட்ரோபோனின் என்னும் புரதத்தையும் அளக்கின்றனர். வரைவு நன்றாயிருக்கிறது என்ற ஒரு சொல்லைக் கேட்டு வீடு திரும்பி உயிரிழந்தோர் உண்டு.

மின்வரைவு காட்டாததைப் படங்கள் காட்டின. 1895 இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர், இதயம் பெருத்திருப்பதை நிழலாகக் காட்டியது. 1929 இல் ஜெர்மானிய இளம் மருத்துவர் வெர்னர் போர்சுமன் தம் கையின் குருதிக்குழாய் வழியே மெல்லிய குழலொன்றைத் தம் இதயம் வரை செலுத்திக்கொண்டு, எக்ஸ் கதிர் அறைக்கு நடந்து சென்று படம் எடுத்துக்கொண்டார். அவ்வழியே வளர்ந்து, 1958 இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்சு இதயத்தின் தனிக்குழாய்களுள் மருந்து செலுத்திப் படமெடுத்ததே இன்றைய ஆஞ்சியோகிராம். எக்கோ எனப்படும் ஒலியலைப் படத்தின் கதை நம் தொழிற்பேட்டைத் தோழர்க்குச் சுவையாக இருக்கும். உலோகத்தின் பற்றவைப்பில் உள்ளே விரிசல் உண்டா என்று அறியக் கப்பல் கட்டும் தளத்தில் கையாண்ட ஒலியலைக் கருவியைச் சுவீடன் நாட்டு இயற்பியலார் எர்ட்சு கண்டார். மருத்துவர் எட்லருடன் சேர்ந்து 1953 இல் அத்தகைய கருவி ஒன்றைக் கடன் வாங்கி இதயத்தின்மேல் வைத்துப் பார்த்தார். ஆலையில் இரும்பைச் சோதித்த முறை, நெஞ்சைத் திறவாமல் வால்வு திறந்து மூடுவதைக் காட்டிற்று.

ஐந்தோவன் இவற்றில் பெரும்பாலானவற்றைக் காண உயிரோடில்லை. ஆயினும் இன்றும் எந்த இதயமனையிலும் முதலில் எடுப்பது அவருடைய வரைவு. எக்கோ எடுக்கும்போதும் ஆஞ்சியோகிராம் செய்யும்போதும் திரையின் ஓரத்தில் அவர் கோடு ஓடிக்கொண்டேயிருக்கும்.

பரிசும் பங்கும்

1924 ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு இதய மின்வரைவுக்காக ஐந்தோவனுக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். பரிசுத் தொகை ஏறத்தாழ 40,000 டாலர். அக்காலத்தில் அது பெருஞ்செல்வம்.

நூலிழை மின்மானியை உருவாக்கிய நாள்களில் அவர் ஆய்வகத்தில் வான் டெர் வுர்டு என்னும் கைவினைஞர் உதவியாளராக இருந்தார். உலோகத்தைக் கடைதல், காந்தத்தைப் பொருத்துதல், கருவியைத் தட்டித் திருத்துதல் என அவர் கையால் நடந்த வேலை கொஞ்சமன்று. பல்கலைக்கழகச் சான்றிதழ் இல்லாத அவர் பெயர் கட்டுரைகளின் தலைப்பில் இடம்பெறவில்லை. பரிசு கிட்டியதும் அதில் பாதி அவருக்கு உரியது என்று ஐந்தோவன் கருதினார், தேடினார். அவர் முன்னரே இறந்துவிட்டார் என்று தெரியவந்தது. உடன்பிறந்த சகோதரிகள் இருவர் மட்டும் எளியோர்க்கான அறமனை ஒன்றில் வறுமையில் வாழ்ந்து வருவதை அறிந்து, தொகையின் பாதியை அவ்விருவர்க்கும் அளித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். அப்படி அளிக்க எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, கேட்பாரும் இல்லை. படைப்பின் புகழ் தலைமையில் இருப்பவர்க்கும் வியர்வை கடைநிலையில் இருப்பவர்க்கும் என்று பிரிந்துபோகும் உலகில், பேராசிரியர் ஒருவர் ஆய்வகக் கைவினைஞரின் கையைக் கணக்கில் சேர்த்தது அரிது. அவருடைய கருவியைவிட இச்செயலை உயர்வாகக் கருதும் மாணவர் இருப்பின், அவரோடு வழக்காட இக்கட்டுரையாளர்க்கு விருப்பமில்லை.

இறுதி நாள்கள்

புகழ் வந்த பின்னும் அவர் வாழ்க்கையில் எளிமை மாறவில்லை. லைடன் தெருக்களில் மிதிவண்டியில் செல்வார். டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் தம்மைத் தேடி வந்தோருடன் உரையாடுவார். மகன் வில்லெம் மின்பொறியாளரானார். தந்தையின் நூலிழையை வெற்றிடத்தில் பொருத்தி மேலும் நுண்ணிதாக்கி, ஜாவாவிலிருந்து ஒல்லாந்திற்கு வரும் கம்பியில்லாத் தந்தியைப் பெறும் கருவியாக மாற்றினார். பின்னர் ஜாவாவின் பாண்டுங் நகரில் வானொலி ஆய்வகத்தின் இயக்குநராகவும் அமர்ந்தார். தந்தை பத்து வயதில் விட்டு வந்த தீவிற்கு மகன் இவ்வாறு போய்ச் சேர்ந்தார். மகள்களில் ஒருவராகிய ஜோகன்னா மருத்துவரானார்.

முதுமையில் ஐந்தோவனை வயிற்றுப் புற்றுநோய் பற்றியது. நெடுநாள் துன்புற்று, 1927 ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில், தம் 67 ஆம் வயதில் லைடனில் காலமானார். அந்நகரை அடுத்த ஊக்ஸ்ட்கேஸ்ட் என்னும் சிற்றூரின் தேவாலய வளாகத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் வால்வுகளைக் கொண்ட மின்பெருக்கிகள் நூலிழையின் இடத்தைப் பிடித்தன. பெருங்காந்தங்கள் அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. தாளின் கட்டங்கள் மட்டும் அவர் வகுத்த அளவிலேயே நின்றன.